வக்கீல் ஃபீஸில் ஒரு ஆய்வுக்கூடம்

வாழைக்காய், வாழை இலை, கறிவேப்பிலை, அப்போதே அரைத்த காபிப் பொடி. இதில் எது தீர்ந்தாலும் அம்மா என்னை லேக் மார்க்கெட்டுக்குத்தான் விரட்டுவாள். கல்கத்தாத் தமிழர்களுக்கு மயிலாப்பூரும் மாம்பலமும் அந்த ஒரு சந்தைக்குள் அடக்கம். சந்தை இருக்கும் சாலைக்கு ராஷ்பிஹாரி அவென்யூ என்று பெயர். ராஷ்பிஹாரி யார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அப்பாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். தெருப் பெயரைப் பற்றி யார் கேட்பார்கள்?

1983இல் எம்.எஸ்ஸி. விலங்கியல் சேர்ந்தேன். வகுப்பு பாலிகஞ்ச் சர்குலர் ரோட்டில், 35ஆம் எண். சாலைக்கு இப்போது பழைய சினிமா நடிகர் பிரமதேஷ் பருவாவின் பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் பழைய பெயர் போகவில்லை. எல்லோரும் சயன்ஸ் காலேஜ் என்பார்கள். முதல் வாரம் ஒரு ஸ்லைடை உடைத்துவிட்டு நின்றபோது, ஆய்வுக்கூட உதவியாளராக இருந்த பெரியவர் வங்காளியில் சொன்னார்: "பார்த்து, தீதி. இது பாலித் சாகிபின் வீடு."

வீடா? யாருடைய வீட்டில் நான் தவளையை அறுத்துக்கொண்டிருக்கிறேன்?

தாரக்நாத் பாலித் 1831இல் பிறந்தவர். இங்கிலாந்து போய் பாரிஸ்டராகி, கல்கத்தாவில் வாதாடியே செல்வம் சேர்த்தவர். எண்பது வயதைத் தாண்டியபின், 1912இல், அத்தனையையும் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்தார். நிலமும் பணமுமாக ஏறக்குறைய 15 லட்சம். நான் தவளை அறுத்த பாலிகஞ்ச் இடம் அதில் ஒன்று. அடுத்த வருஷமே இன்னொரு வக்கீல் 10 லட்சம் கொடுத்தார். அவர் பெயர் ராஷ்பிஹாரி கோஷ். வாழைக்காய் வாங்கின சாலையின் சொந்தக்காரரை இருபத்தோரு வயதில்தான் கண்டுபிடித்தேன்.

இரண்டு வக்கீல்களிடமும் பணத்தை வாங்கிச் சேர்த்தவர் மூன்றாவது வக்கீல். துணைவேந்தராக இருந்த ஆசுதோஷ் முகர்ஜி ஹைகோர்ட் நீதிபதியும்கூட. சர்க்கார் கையை விரித்த காலத்தில், கோர்ட்டில் பேசிச் சம்பாதித்த ஃபீஸ் அப்படியே பீக்கராகவும் பியூரெட்டாகவும் மாறியது. 1914 மார்ச்சில் அப்பர் சர்குலர் ரோட்டில் அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதே வருஷம் பாலித் காலமானார்.

கொடுத்ததைவிட எனக்குச் சுவாரசியம், கொடுத்தவர் போட்ட நிபந்தனை. பாலித் தன் பணத்தில் ஏற்படுத்திய இரண்டு பேராசிரியர் பதவிகளிலும் இந்தியர்தான் உட்கார வேண்டும் என்று எழுதினார். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், பெரிய பதவியெல்லாம் அவனுக்கே என்றிருந்தபோது, ஒரு பத்திரத்தில் ஒரு வரி. அந்த வரியால் வேதியியலுக்கு பிரஃபுல்ல சந்திர ராய் வந்தார். இயற்பியலுக்கு ஒரு தமிழர் வந்தார். அப்போது அவருக்கு நிதித்துறையில் கணக்கு உத்தியோகம், மாசம் 1,100 ரூபாய். அதை விட்டுவிட்டு 1917இல் 600 ரூபாய்க்குப் பேராசிரியரானார். வெளிநாடு போய்ப் பயிற்சி பெற்று வர வேண்டும் என்று இன்னொரு நிபந்தனையும் இருந்ததாம். போக மாட்டேன் என்றுவிட்டார் சி.வி. ராமன். ஆசுதோஷ் அந்த நிபந்தனையைத் தளர்த்தினார். என் அப்பா அதே கணக்குத் துறையில், அதே கல்கத்தாவில், ஓய்வு பெறும்வரை உத்தியோகம் பார்த்தவர். "ஒரே ஆபீஸ். அவர் வேலையை விட்டார், நான் விடலை. அவ்வளவுதான் வித்தியாசம்" என்று ஒவ்வொரு பிப்ரவரி 28ஆம் தேதியும், தேசிய அறிவியல் தினத்தன்று, தவறாமல் சொல்வார்.

பாலித்தைப் பேசினால் அவருக்கு முன்னால் இதே ஊரில் கையேந்திய ஒரு டாக்டரைப் பேசாமல் இருக்க முடியாது. மகேந்திரலால் சர்க்கார். சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். 1863இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் எம்.டி. வாங்கினார். ஹோமியோபதியைக் கிண்டல் செய்துகொண்டிருந்தவர், நான்கு வருஷத்தில் அதற்கே மாறினார். கூட இருந்த டாக்டர்கள் ஒதுக்கி வைத்தார்கள், நோயாளிகள் குறைந்தார்கள். ஹோமியோபதி பற்றி எனக்கு அவருடைய நம்பிக்கை கிடையாது. ஆனால் சாதி விலக்கு மாதிரி ஒன்று நடந்தபின்னும் பத்திரிகை ஆரம்பித்து எழுதிய அந்த வீம்பு எனக்குப் பிடிக்கும். இந்தியர்களே நடத்தும், இந்தியர்களே பணம் போடும் ஒரு ஆராய்ச்சி நிலையம் வேண்டும் என்று 1869இல் எழுதினார். அடுத்து சந்தா கேட்டு அலைந்தார். ஆறேழு வருஷம்! காளி கிருஷ்ண தாகூர் 25,000 ரூபாய் கொடுத்தார். ஆய்வுக்கூடத்துக்கான பணம் பின்னாளில் விஜயநகரம் மகாராஜாவிடமிருந்து வந்தது. அன்றைக்கு விஜயநகரம் சென்னை மாகாணம், அதாவது நம் பக்கத்துப் பணம். 1876 ஜூலை 29ஆம் தேதி பௌபஜார் தெரு 210இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் திறந்தது.

சர்க்கார் 1904இல் சாகும்வரை அதன் செயலாளர். கடைசி வருஷங்களில் மனசு விட்டுப்போனது. பணக்காரர்கள் கல்யாணத்துக்கும் நாட்டியத்துக்கும் கொட்டுவதில் ஒரு பங்கும் இங்கே வரவில்லையே என்கிற வருத்தம். முழுநேர ஆராய்ச்சிப் பேராசிரியர் ஒருவரைக்கூடச் சம்பளம் கொடுத்து வைக்க முடியவில்லை. மூன்று வருஷம் கழித்து, 1907இல், பௌபஜார் வழியாகப் போய்க்கொண்டிருந்த பதினெட்டு வயதுக் கணக்கு அதிகாரி பெயர்ப்பலகையைப் பார்த்து உள்ளே நுழைந்தார். பகலில் ஆபீஸ், காலையும் இரவும் ஆய்வுக்கூடம். ராமன் விளைவு 1928இல் அங்கேதான் பிறந்தது. டாக்டர் கட்டி வைத்த வீட்டுக்கு, அவர் போனபின் குடித்தனக்காரர் வந்தார்.

இதெல்லாம் இயற்பியல். மருத்துவ ஆராய்ச்சிக்கு யார் பணம் போட்டார்கள்? அதற்கு ஹூக்ளி வரை போக வேண்டும், இன்னும் நூறு வருஷம் பின்னால்.

ஹாஜி முகமது மொஹ்சின் (1732-1812) கல்யாணம் செய்துகொள்ளாதவர். அக்கா முறையான மன்னுஜான் கானம் விட்டுப்போன பெரிய ஜமீன் அவர் கைக்கு வந்தது. 1806இல் அதை அறக்கட்டளையாக எழுதினார். அந்தப் பணத்தில் 1836இல் ஹூக்ளியில் ஒரு கல்லூரி திறந்தது. முஸ்லிம் பெரியவரின் பணம். படிக்க எல்லாரும் வந்தார்கள். பங்கிம் சந்திரர் அங்கே படித்தவர். நான் சொல்ல வந்த இரண்டு டாக்டர்களும் அங்கே படித்தவர்கள்.

முதல் டாக்டர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி. வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் காலா ஆசார் என்கிற காய்ச்சல் ஊர் ஊராகக் காலி செய்துகொண்டிருந்தது. மணல் ஈ கடித்துப் பரவும் ஒட்டுண்ணி நோய். மண்ணீரல் வீங்கி வயிறு பானை மாதிரி ஆகும், தோல் கருக்கும், மருந்து இல்லாவிட்டால் பிழைப்பவர்கள் அபூர்வம். ஆன்டிமனி கலந்த மருந்து ஒன்று இருந்தது. அது நோயைக் குறைத்தது, கூடவே நோயாளியையும் பதம் பார்த்தது. பிரம்மச்சாரி டாக்டர் மட்டும் இல்லை, வேதியியலில் எம்.ஏ. படித்தவர். ஆன்டிமனியை உடம்பு தாங்கும்படி வேறு வடிவத்தில் கட்டிப்போட முடியாதா என்று தேடினார். சியால்டாவில் இருந்த கேம்பல் ஆஸ்பத்திரியில் அவருக்குக் கிடைத்தது ஒரு சின்ன அறை. குழாய் இல்லை, காஸ் இல்லை, மின்சாரம் இல்லை. இரவில் மண்ணெண்ணெய் லாந்தர். இந்திய ஆராய்ச்சி நிதிக் கழகம் என்று 1911இல் தொடங்கிய அமைப்பு (இன்றைய ஐ.சி.எம்.ஆரின் தாய்) அவருக்கு ஒரு மானியம் கொடுத்தது. யூரியா ஸ்டிபமைன் பிறந்தது. 1922இல் கட்டுரை வெளியானது. அஸ்ஸாமில் லட்சக்கணக்கான உயிர்கள் அந்த ஊசியால் தப்பின.

பிரம்மச்சாரி ஏழை விஞ்ஞானி இல்லை. பெரிய பிராக்டிஸ், கைநிறைய வருமானம். மருந்தை விற்றும் சம்பாதித்தார், ஆஸ்பத்திரிகளுக்கு இலவசமாகவும் கொடுத்தார். சம்பாதித்ததில் 1924இல் கார்ன்வாலிஸ் தெருவில் இருந்த தன் வீட்டிலேயே ஒரு ஆராய்ச்சி நிலையம் ஆரம்பித்தார். டாக்டரும் அவரே, நன்கொடையாளரும் அவரே, மானியக் கமிட்டியும் அவரே. மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

மனு என்றதும் என் சொந்தக் கதை ஒன்று. நான் கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுத்த காலத்தில், மாகுர் மீன்களின் முட்டையிடலைப் பற்றி ஒரு சின்ன ஆராய்ச்சிக்கு ஓர் அமைப்பிடம் பணம் கேட்டேன். மாகுர் மழைக்காலத்தில்தான் முட்டையிடும். ஜூனில் போட்ட மனுவுக்குப் பணம் ஜனவரியில் வந்தது. மார்ச் 31க்குள் செலவழித்து யூட்டிலைசேஷன் சர்டிபிகேட் அனுப்ப வேண்டும் என்று கடிதம். மீனிடம் போய் நிதியாண்டைப் பற்றி என்ன சொல்வது? ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினோம். நல்ல ஃபிரிட்ஜ், நான் ஓய்வு பெறும்வரை ஓடியது.

இரண்டாவது டாக்டர் சம்புநாத் தே. 1915இல் ஹூக்ளி மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்தவர். மொஹ்சின் கல்லூரி, கல்கத்தா மருத்துவக் கல்லூரி, பிறகு லண்டனில் பிஎச்.டி. 1949இல் திரும்பி வந்து வேலைக்குச் சேர்ந்த இடம் நீல் ரதன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி. கேம்பலுக்குச் சுதந்திரத்துக்குப் பின் வைத்த பெயர் அது. பிரம்மச்சாரி லாந்தர் வைத்திருந்த அதே சியால்டா வளாகம்.

அவர் செய்ததை என் மாணவிகளுக்குச் சொல்லும்போது பூக்கட்டுவதை உதாரணம் காட்டுவேன். காலராக் கிருமியை ராபர்ட் காக் 1884இல் இதே கல்கத்தாவில் அடையாளம் கண்டார். அது ஆளை எப்படிக் கொல்கிறது என்பது எழுபது வருஷமாகப் பிடிபடவில்லை. மற்றவர்கள் ஊசி போட்டுப் பார்த்த மிருகங்களுக்குக் காலரா வரவில்லை. தே நேராகக் குடலுக்குப் போனார். முயலின் சிறுகுடலில் ஒரு சின்னத் துண்டை இரண்டு பக்கமும் நூலால் இறுக்கிக் கட்டினார், மல்லிகைச் சரத்தில் இரண்டு முடிச்சுக்கு நடுவே உள்ள துண்டு மாதிரி. அந்தத் துண்டுக்குள் கிருமியைச் செலுத்தி வயிற்றைத் தைத்துவிட்டார். மறுநாள் திறந்தால் கட்டின துண்டு மட்டும் பலூனாக வீங்கி, உள்ளே கஞ்சித் தண்ணீர் மாதிரி நீர். காலரா நோயாளிக்குப் போவது அதே நீர். இது 1953. பிறகு கிருமியையே வடிகட்டி எடுத்துவிட்டு, அது வளர்ந்த சாறை மட்டும் செலுத்தினார். அதற்கும் வீங்கியது. ஆகக் கொல்வது கிருமி சுரக்கும் நஞ்சு, அது வேலை செய்யும் இடம் ரத்தம் அல்ல, குடல். 1959 மே மாதம் 'நேச்சர்' இதழில் அந்தக் கட்டுரை வந்தது.

முயல், நூல், வடிகட்டி. இதில் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டியது என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஊரில் அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. 1973இல் ஓய்வு பெற்றார். 1978இல் நோபல் அறக்கட்டளை நடத்திய காலரா கருத்தரங்குக்கு அழைப்பு வந்தபோதுதான் பலருக்கு இப்படி ஒருவர் இருப்பதே தெரிந்தது. நோபல் பெற்ற ஜோஷ்வா லெடர்பெர்க் இவர் பெயரைப் பரிசுக்கு முன்மொழிந்தார். கிடைக்கவில்லை. 1985இல் போய்விட்டார். எனக்கு மனசாறாத விஷயம் ஒன்று உண்டு. நான் எம்.எஸ்ஸி. படித்தபோது இந்த மனிதர் உயிரோடு இருந்தார். ஒரு வாத்தியாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை.

காலராவில் குடல் சுவர் கெடாமல் நீர் மட்டும் கொட்டுகிறது என்றால், வாய் வழியே கொடுப்பதை அந்தக் குடல் இன்னும் உறிஞ்சும். உப்போடு சர்க்கரை சேர்ந்தால் நன்றாகவே உறிஞ்சும் என்று 1960களில் புரிந்துவிட்டது. ஆனால் புத்தகத்தில் இருந்ததை டாக்டர்கள் நம்பவில்லை. பேதி என்றால் குளுக்கோஸ் பாட்டில்தான், வாய்க்கு ஒன்றும் கூடாது என்பதுதான் வழக்கம்.

1971இல் எனக்கு ஒன்பது வயது. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் வந்து குவிந்த வருஷம். சியால்டா ஸ்டேஷன் பக்கம் போகக் கூடாது என்று வீட்டில் தடை. பங்காவ் எல்லை முகாமில் காலரா. கல்கத்தாவில் அமெரிக்க அரசின் ஆராய்ச்சிப் பணத்தில் இயங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மையத்திலிருந்து திலீப் மகலனாபிஸ் என்கிற குழந்தை மருத்துவர் அங்கே போனார். ஆஸ்பத்திரித் தரை முழுக்க நோயாளிகள். குளுக்கோஸ் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. அவர் கலக்கியது லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. பொட்டலம் கட்டியது மையத்தின் நூலக அறையில். லிட்டருக்கு ஆன செலவு 11 பைசா. டிரம்மில் கரைத்து, கூட வந்த உறவினர்கள் கையிலேயே டம்ளரைக் கொடுத்துப் புகட்டச் சொன்னார். மற்ற முகாம்களில் நூற்றுக்கு முப்பது பேர்வரை செத்துக்கொண்டிருந்தார்கள். அவர் பார்த்த 3,700க்கும் மேற்பட்டவர்களில் இறந்தது 3.6 சதவீதம்.

அதே மழைக்காலத்தில் என் தம்பிக்கு நான்கு நாள் பேதி. வந்த டாக்டர், தண்ணீர்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தெருமுனை தாண்டியதும் பாட்டி உப்புப் போட்ட நொய்க் கஞ்சியைத் தெளிவாக இறுத்து, பாலாடையில் ஊற்றி ஊற்றிப் புகட்டினாள். "வயிறு கேக்கறதைக் குடுக்காம, வாயைக் கட்டிப் போடுன்னு யாருடீ சொன்னது?" தம்பி இப்போது சிட்னியில் இருக்கிறான், தொண்ணூற்றிரண்டு கிலோ. அரிசி மாவுக் கரைசலும் பேதிக்கு நன்றாக வேலை செய்கிறது என்பதைப் பின்னாளில் ஆராய்ந்து எழுதியவர்களில் மகலனாபிஸும் ஒருவர். பாட்டிக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை.

கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் நடுவே இன்னொரு போக்குவரத்தும் உண்டு. எங்கள் அடுக்குமாடியில் யாருக்காவது கண்ணில் கோளாறு என்றால் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் சென்னைக்கு டிக்கெட் போட்டுவிட்டு என்னிடம் வருவார்கள். "மஞ்சள் பல்பு தெரியுது", "எரியுது", "இட்லி வேண்டாம்" என்பதையெல்லாம் வங்காள எழுத்தில் எழுதிக் கொடுப்பேன். அவர்கள் போகும் சங்கர நேத்ராலயாவை டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் 1978இல் தொடங்கினார். அதை நடத்தும் அறக்கட்டளைக்குப் பெயரே மெடிக்கல் ரிசர்ச் ஃபவுண்டேஷன். அதற்கு நன்கொடை கொடுத்தவர்களில் ஒருவர் நானி பல்கிவாலா, 2 கோடி ரூபாய். மறுபடியும் வக்கீல்! இந்தத் தொழிலுக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் என்ன பூர்வஜென்மத் தொடர்போ. 2022இல் பெங்களூரு ஐ.ஐ.எஸ்ஸிக்கு மருத்துவக் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் கட்ட சுஷ்மிதா - சுப்ரதோ பாக்சி, ராதா - என்.எஸ். பார்த்தசாரதி என்று இரண்டு தம்பதிகள் 425 கோடி கொடுத்தார்கள். அது மென்பொருள் பணம். ஒவ்வொரு காலத்திலும் எந்தத் தொழிலில் காசு புரள்கிறதோ அங்கிருந்துதான் வரும்போல.

போன மாதம் பாலிகஞ்ச் பாடியிலிருந்து பார்க் சர்க்கஸ் வரை நடந்தேன். முட்டிக்கு நல்லதென்று மருமகள் சொல்கிறாள். சையத் அமீர் அலி அவென்யூவைத் தாண்டினால் ஏழு சாலைகள் கூடும் அந்த முச்சூடும் ஹாரன் சத்தமான இடம். அங்கே டாக்டர் பிரேஷ் குஹா தெரு. குஹா உயிர்வேதியியல்காரர். அந்தத் தெருவில்தான் குழந்தைகள் நல மருத்துவமனையான இன்ஸ்டிடியூட் ஆஃப் சைல்ட் ஹெல்த் இருக்கிறது. டாக்டர் கே.சி. சௌதுரி 1956இல் தொடங்கியது. இந்தியாவின் குழந்தை மருத்துவ இதழை 1933லேயே இந்த ஊரிலிருந்து ஆரம்பித்தவர் அவர். மகலனாபிஸ் தன் வாழ்நாள் சேமிப்பிலிருந்து ஒரு கோடி ரூபாயை இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் கொடுத்தார். 2022 அக்டோபரில் அவர் இறந்தார். அடுத்த ஜனவரியில் பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

வாசலில் தாய்மார்கள், தோளில் தூங்கும் பிள்ளைகள், ஒரு ஜால்முடி வண்டி. கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே போக எனக்கு வேலை எதுவும் இல்லை.

திரும்பும் வழியில் வெயில் தாங்கவில்லை. மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். கேட்டேன். கடைப் பையன் பழரசப் பெட்டி மாதிரி வண்ணமாக ஒன்றை எடுத்து நீட்டினான். இது வேண்டாம், ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கும் பொட்டலம்தான் வேண்டும் என்றேன். கீழ்த்தட்டில் குனிந்து தேடினான், தூசியைத் தட்டினான்.

"ஆரஞ்சா, லெமனா, மாஷிமா?"